ரவூப் பாயின் சீட்டு

சௌந்தரராஜன் எம்.எல்.ஏ. இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அதற்குள் இடைத்தேர்தல் பேச்சு கனடாவில், மான்ட்ரியல் பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்த ஒரு மூன்றாம் மாடி வீடு வரைக்கும் வந்துவிட்டது. அங்கே இருவர் சேர்ந்து குடியிருந்தார்கள். ஒருவன் எம்.எல்.ஏ.வின் மகன் மகிழன். மற்றவன் முகமது யாசின், அவருடைய கட்சியின் ஒன்றியச் செயலாளர் ரவூப் பாயின் மகன். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம். இப்போது ஒரே பல்கலைக்கழகம்.

ரவூப் பாய் முப்பத்தோரு வருஷம் அந்த மனிதரோடு நடந்தவர். சாலை மறியலில் தடியடி பட்டு முன்பல் இரண்டு போனது. யாசின் பிறந்த அன்று அவர் வாக்குச்சாவடியில் இருந்தார். "அடுத்த தடவை நீதான் நிக்கிற, பாய்" என்று சௌந்தரராஜன் இரண்டு தேர்தலாகச் சொல்லிவந்ததை வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். யாசினும் நம்பினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் ஜான்-டலோன் சந்தைக் காய்கறிக் கடை வேலைக்குக் கிளம்பியபோது, மகிழன் சமையலறையில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தான்.

"என்னை நிக்கச் சொல்றாங்கடா. மாவட்டச் செயலாளர் பேசினாரு. அனுதாப ஓட்டு இருக்காம். அப்பா படத்தைப் பக்கத்துல வச்சாலே போதுமாம்."

"நீ என்ன சொன்ன?"

"யோசிக்கணும்னேன். தொகுதியில எத்தனை பஞ்சாயத்துன்னுகூட எனக்குத் தெரியாது. நீ சொல்லு, போகட்டுமா?"

யாசின் பூட்ஸ் கயிற்றைக் கட்டுகிற சாக்கில் குனிந்தே இருந்தான். இவன் போகாவிட்டால் அடுத்த ஆள் யார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

"போகாத. தீசிஸ் முடிய இன்னும் ரெண்டு மாசம்தான். அந்த வேலையெல்லாம் உனக்கு ஒத்து வராது, மகி."

சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. ஆனால் அதற்காக அவன் சொல்லவில்லை.

அன்றே மகிழன், யாசினும் போக வேண்டாம் என்கிறான் என்று சொல்லி மறுத்துவிட்டான். மறுநாள் காலை அத்தாவின் அழைப்பு வந்தபோது யாசின் சந்தோஷத்தோடு எடுத்தான்.

"நீதான் வேணாம்னு சொன்னியாமே?" என்றார் ரவூப் பாய். "ஆபீஸ்ல அத்தனை பேர் முன்னாடி மாவட்டம் என்னைக் கேக்குறாரு, 'மகனை விட்டுக் கலைக்கிறீங்களா பாய்'னு."

"உங்களுக்காகத்தான் அத்தா..."

"நான் கேட்டேனா?"

"அவர் உங்களுக்கு வாக்குக் குடுத்தாரே."

"அவர் போயிட்டாரு. மகிழன் தம்பி வரலேன்னா சீட்டு மாவட்டத்தோட மச்சினனுக்குப் போகும். எனக்கு வராதுடா. அந்தாளு வந்தா என்னை வாசப்படி ஏத்தமாட்டான். தம்பி இருந்தாத்தான் நான் இருப்பேன். போனை அதுகிட்ட குடு."

யாசின் கொடுத்தான். "உங்க கால்ல விழுந்து கேக்குறேன் தம்பி" என்று அத்தா கெஞ்சுவது ஜன்னலோரம் நின்ற அவனுக்கும் கேட்டது. பேசி முடித்த மகிழன் போனைத் திருப்பிக் கொடுத்தான்.

"உங்க அத்தாவுக்கு ஆசை இருந்துச்சா?"

யாசின் தலையாட்டினான்.

"அதை முதல்லயே சொல்லிருக்கலாமேடா" என்று மட்டும் சொல்லிவிட்டு மகிழன் பெட்டியை இறக்கினான்.

வியாழக்கிழமை, கீழ்வீட்டு யாழ்ப்பாணத்து யோகேந்திரன் அண்ணைதான் இருவரையும் தன் காரில் டோர்வல் விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனார்.

"எலெக்சனுக்கோ தம்பி? எங்கட பக்கமும் உப்பிடித்தான். தேப்பன் விட்ட கதிரையில மகன் வந்து குந்துவார்" என்று சிரித்தார். பின்னால் இருந்த இருவரும் சிரிக்கவில்லை.

விமான நிலைய வாசலில் மகிழன் கை கொடுத்தான். "பாய்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றான். அதுவரை ரவூப் பாயை அவன் மாமா என்றுதான் கூப்பிட்டுவந்தான்.

பத்தொன்பதாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் மகிழன் ஜெயித்தான். வெற்றி ஊர்வல வீடியோவில் ரவூப் பாய் ஜீப்புக்குப் பின்னால், கழற்றிய மாலைகளைச் சுமந்தபடி ஓடிவந்துகொண்டிருந்தார். அடுத்த வாரம் அவரே கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு மகிழ்ச்சி.

"தம்பி எதையும் மனசுல வச்சுக்கலடா. படிப்பு முடிஞ்சதும் உன்னை வரச் சொல்லுது. நம்பிக்கையா கூடவே ஒரு ஆள் வேணுமாம். அவருக்கு நான் இருந்த மாதிரி தம்பிக்கு நீ."

"நான் வரமாட்டேன் அத்தா."

"நான் சரின்னு சொல்லிட்டேனேடா" என்றார், சின்னக் குரலில்.

அதன்பின் யாசினின் அழைப்பை அவர் எடுப்பதில்லை. அம்மாதான் பேசுகிறாள். அத்தா சாப்பிட மட்டும் வீட்டுக்கு வருகிறாராம். எம்.எல்.ஏ. ஆபீசுக்கு வருகிறவர்களிடமெல்லாம், மகன் அடுத்த மாதம் கனடாவிலிருந்து வந்துவிடுவான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.