நாற்பத்து மூன்று தாகங்கள்

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த பெண்ணுக்கு முப்பத்தாறாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவள் ஒருமுறைகூடப் பார்த்திராத நாற்பத்து மூன்று பேருடைய தாகம் வந்து சேர்ந்தது. அப்போது அவள் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் மூக்கின்மேல் புதுக் கண்ணாடியை உட்காரவைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த சின்ன திருப்புளியைக் கீழே வைத்தாள், கடைக்கோடியிலிருந்த பானையிடம் போனாள், ஒரு செம்பு, இரண்டு செம்பு என்று ஆரம்பித்து ஏழு செம்பு தண்ணீர் குடித்தாள். வயிறு நிறைந்து மூச்சு முட்டியதே தவிர, தொண்டை காய்ந்தது காய்ந்தபடியே இருந்தது. வாத்தியார் பொறுமையாகக் காத்திருந்து, அவள் திரும்பி வந்ததும் வழக்கம்போல் பேரம் பேசி, விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு போனார்.

அக்காதான் அவளை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு பேரும் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளில் குடியிருந்தார்கள். அக்கா கணவனை இழந்தவள், தங்கை கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு மறந்தே போனவள். டாக்டர் ரத்தம் பார்த்தார், சர்க்கரை பார்த்தார், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, தானும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. தாகம் உங்களோடது இல்ல. அதான் நீங்க குடிச்சா அடங்க மாட்டேங்குது. யாரோடதோ, அவங்க குடிச்சாதான் அடங்கும்."

"மாத்திரை ஏதாவது எழுதிக் கொடுங்களேன்" என்றாள் அக்கா.

"சத்து மாத்திரை எழுதறேன். அது வேற விஷயத்துக்கு."

முதல் வருடம் அவளுக்கு அது ஒரே தாகமாகத்தான் தெரிந்தது. பவர் பார்க்கிற கண் அவளுடையது. பழகப் பழகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டாள். மொத்தம் நாற்பத்து மூன்று இருந்தன. குழந்தைகளின் தாகம் விக்கல்போல வெடுக்கென்று வந்து போனது. பால் கொடுக்கிற ஒருத்தியின் தாகம் முதுகுவரை இழுத்தது. ஒரு புருஷன் பெண்டாட்டியின் இரண்டு தாகங்கள் ஒரே நேரத்தில் வந்து, சண்டை போட்டவர்கள்போல் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. இவை எல்லாம் தண்ணீர் வந்ததும் சட்சட்டென்று அணைந்துவிடும். ஒன்றே ஒன்று மட்டும் வேறு மாதிரி. காலை பத்து மணிக்கு, விடியற்காலையிலிருந்தே நடந்து வந்ததுபோல் முற்றிப்போய் அது வந்து நிற்கும். தண்ணீர் கண்ணெதிரே இருப்பது அதற்குத் தெரியும். ஆனாலும் மற்ற நாற்பத்திரண்டும் ஒவ்வொன்றாக அடங்கி முடியும்வரை காத்திருந்து, கடைசியில் இரண்டே மடக்கில் அடங்கும். அந்த இரண்டு மடக்கு வரைக்கும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பத்து மணிக்கு முன்னால் தங்கை தலைவாரிப் பொட்டு வைத்துக்கொள்வதை அக்கா கவனித்தாள்.

கடைக்கு எதிரே அச்சகத்துக்கு மேலே ஓர் அறையில் தொண்டர்கள் ஆறு பேர் கூடுவார்கள். மலைக்கு அந்தப் பக்கம் நல்ல தண்ணீர் இல்லாத ஊர்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோக நிதி திரட்டுவது அவர்களுடைய வேலை. ஓய்வுபெற்ற போஸ்ட்மேன்தான் தலைவர். கீழே மிஷின் ஓடும்போது தரை அதிரும், அதனால் கூட்டத்தில் எல்லோரும் கொஞ்சம் கத்தித்தான் பேசுவார்கள். சுவரில் ஒரு வரைபடம் தொங்கியது. அதில் அறுபத்தொரு சிவப்புப் புள்ளிகள், புள்ளிக்கு ஓர் ஊர். போஸ்ட்மேனுக்குப் படிக்கிற கண்ணாடி கொடுக்கப் போனவள், சும்மா ஒரு புள்ளியின்மேல் விரலை வைத்தாள். தொண்டை இழுத்துப் பிடித்துக்கொண்டது. மற்ற புள்ளிகளில் வைத்துப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. போஸ்ட்மேன் அந்த ஊரின் பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, தேதி போட்டார். "இந்த ஊருக்கு லெட்டர் போய்ச் சேர மூணு நாள் ஆகும்மா" என்றார். "தண்ணி போய்ச் சேர எவ்வளவு நாள் ஆகுமோ."

அதுவரை அவர்கள் உண்டியலைக் குலுக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்து, செல்லாத காசாகப் பொறுக்கிக்கொண்டு வந்தவர்கள். அவள் சேர்ந்தபிறகு சந்தை வாசலில் ஒரு நாற்காலி போட்டார்கள். யார் வேண்டுமானாலும் அவள் கையை ஒரு நிமிடம் பிடித்துக்கொள்ளலாம். அவளுக்கு இருக்கிற தாகம் அவர்களுக்கும் இருக்கும். முடிவெட்டுகிறவர் பிடித்துப் பார்த்துவிட்டு அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டார். இதெல்லாம் ஏமாற்று என்று சொல்லிக்கொண்டே வந்த வக்கீல், கைக்கடிகாரத்தைக் கழற்றி உண்டியலில் போட்டார். காய்கறிக்காரி தராசை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்த் தெருக்குழாயில் வாயை வைத்தாள். ஆனால் பத்து மணி நெருங்கினால் அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வாள். "இப்ப இல்ல" என்பாள். போஸ்ட்மேன் வரிசையைப் பார்த்து, "அம்மாவுக்குக் கொஞ்சம் வேலை இருக்கு, கால் மணி பொறுங்க" என்று சமாளிப்பார். அந்த ஒரு தாகத்தை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை.

ஒன்பது கிலோமீட்டர் குழாய் போட வேண்டியிருந்தது. மூன்று வருடத்தில் நான்கு கிலோமீட்டருக்குத்தான் பணம் சேர்ந்தது. ஒருநாள் சோடாக் கம்பெனி முதலாளி கார் என்ஜினை அணைக்காமல் ஓடவிட்டபடியே இறங்கி வந்தார். மணி பத்தே கால். நாற்பத்திரண்டும் அடங்கிவிட்டன, அது மட்டும் நின்றுகொண்டிருந்தது. அவள் கையை மறைத்தாள். "இப்ப முடிஞ்சாப் பாருங்க, இல்லன்னா எனக்கு நேரம் கிடையாது" என்றார் அவர். அவள் போஸ்ட்மேனைப் பார்த்தாள். போஸ்ட்மேன் தரையைப் பார்த்தார். பிறகு அவள் கையை நீட்டினாள்.

முதலாளி வேட்டி அழுக்காவதைப் பார்க்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "தண்ணி எதிர்லயே இருக்கே. ஏன் குடிக்க மாட்டேங்கறான்?"

"எல்லாரும் குடிச்சு முடிக்கட்டும்னு நிக்கிறார்."

"உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"இல்ல" என்றாள் அவள்.

மீதி ஐந்து கிலோமீட்டரையும் அவரே ஏற்றுக்கொண்டார். தொண்டர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவள் வீட்டுக்குப் போய், தனக்கு வந்த கடிதத்தை வேறொருவர் பிரித்துப் படித்துவிட்டதுபோல் மனசு கேட்காமல், சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

குழாய் போட இரண்டு வருடம் ஆயிற்று. தண்ணீர் திறந்துவிட்ட அன்று மற்ற ஆறு பேரும் போனார்கள். அவள் கடையிலேயே இருந்தாள். அங்கே ஒவ்வொருவராகக் குடிக்கக் குடிக்க, இங்கே அவளுக்குள் ஒவ்வொன்றாக நின்றது. திருவிழாக் கூட்டம் கலைந்த மைதானம்போல் தொண்டை காலியாகிக்கொண்டே வந்தது. பதினோரு மணிக்கு எண்ணிப் பார்த்தாள், அடங்கியவை நாற்பத்திரண்டு. அது மட்டும் நின்றுகொண்டிருந்தது. மறுநாளும் பத்து மணிக்கு வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது. ஒரு மனுஷன் இன்னும் தாகத்தோடு இருக்கிறானே என்று வருத்தப்பட வேண்டிய இடத்தில் தனக்குச் சந்தோஷம் வருவதைக் கண்டு அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே அந்த ஊருக்குப் போனாள். குழாயடியில் நின்ற ஒரு பெண், இடுப்புக் குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டு விவரம் சொன்னாள். முன்பெல்லாம் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர் ஒருவர் இருந்தார். இரண்டு மலை தாண்டிய சுனையிலிருந்து சைக்கிளில் நான்கு கேன் கட்டி, இரண்டு நடையாகக் கொண்டுவருவார். குழாய் வந்த அன்று கேன்களைக் கழுவிக் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"கோவிச்சுக்கிட்டா போனாரு?"

"அய்யோ இல்லக்கா. சிரிச்சுக்கிட்டேதான் போனாரு. இங்க எனக்கு இனி என்ன வேலைன்னாரு. குழாய்த் தண்ணி ஒரு வாய்கூடக் குடிக்கல. கூட்டம் குறையட்டும்னு நின்னாரு, கூட்டம் குறையவே இல்ல, அப்படியே போயிட்டாரு."

திரும்பி வந்து வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். வலது மூலையில் ஒரு புள்ளியில் தொண்டை காய்ந்தது. "அடுத்தது எந்த ஊரும்மா?" என்று போஸ்ட்மேன் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டார். "தெரியல" என்றாள். அடுத்த வாரமும் தெரியவில்லை என்றாள், அதற்கடுத்த வாரமும் அப்படியே சொன்னாள். அங்கேயும் குழாய் போனால் அவர் கேனைக் கவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிடுவார்; கிளம்பினால் எங்கே போவாரோ. ஆனால் அந்த ஊரில் அவர் நிற்கும் நேரம் நீண்டுகொண்டே போனது. பத்து மணிக்கு வந்த தாகம் பன்னிரண்டுவரை நின்றது. அங்கே ஆட்கள் அதிகம், தண்ணீர் குறைவு என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. நாலாவது வாரம் கூட்டத்தில் எழுந்து போய், யாரும் கேட்காமலேயே அந்தப் புள்ளியின்மேல் விரலை வைத்தாள்.

அளவெடுக்கப் போனவர்களுடன் இந்தத் தடவை அவளும் போனாள். ஊர் நெருங்க நெருங்கத் தொண்டை ஒட்டிக்கொண்டு பேச்சே எழவில்லை. மர நிழலில் கேன்களைச் சுற்றிக் கூட்டம் நின்றது. ஐம்பது வயதுக்காரர் ஒருவர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். காதுகள் கொஞ்சம் விடைத்திருந்தன. கண்ணாடியின் ஒரு கால் உடைந்து நூலால் கட்டியிருந்தது. அவள் யோசிக்காமல் கிட்டே போய் அதைக் கழற்றி வாங்கிக்கொண்டு, பையிலிருந்து திருப்புளியும் புது ஆணியும் எடுத்துச் சரிசெய்ய உட்கார்ந்தாள். கைக்கு வேலை கிடைத்ததும் குரலும் கொஞ்சம் வந்தது. தலை நிமிராமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஏழு வருஷமாவா?" என்றார் அவர்.

"ஆமா. நீங்க மட்டும் கடைசிலதான் குடிப்பீங்க."

"கொண்டுவர்றவன் முதல்ல குடிச்சா, ஊத்துற கைக்கு வெட்கமா இருக்கும்ல." கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல்முறையாக அவளை நன்றாகப் பார்த்தார். உதடு வெடித்திருந்ததைப் பார்த்தார். "அடடா, உங்களுக்கு எவ்வளவு தொந்தரவு."

இல்லை என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதற்குள் அவர், அத்தனை பேருக்கும் முன்னால், ஒரு டம்ளர் ஊற்றி மடமடவென்று குடித்துவிட்டார். ஊரே ஆச்சரியமாகப் பார்த்தது.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"இனிமே வராது. நான் பாத்துக்கறேன்."

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். மறுநாள் பத்து மணிக்கு ஒன்றும் வரவில்லை. அதற்குப் பிறகு அவளுக்கு அவளுடைய தாகம் மட்டும்தான் எடுத்தது. அது சின்னது, ஒரு டம்ளரில் முடிந்துவிடும். சந்தை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கை பிடித்தவர்கள் ஒன்றும் தெரியாமல் முழித்தார்கள். பழக்கத்துக்குச் சிலர் காசு போட்டார்கள், சிலர் சிரித்துக்கொண்டே போனார்கள். முன்பும் கை பிடித்துப் பார்த்திருந்த ஒரு பெரியவர் மட்டும் ஒரு நிமிடம் முடிந்தும் கையை விடாமல், "இது அதைவிட மோசமா இருக்கேம்மா" என்று சொல்லி இரண்டு மடங்கு போட்டார். அவரிடம் கேள்விப்பட்டு வேறு பலர் வந்தார்கள். அந்தப் பணத்தில் இரண்டாவது ஊருக்கும் தண்ணீர் போயிற்று. தண்ணீர்க்காரர் அன்றைக்கே கிளம்பிவிட்டார். எந்தப் பக்கம் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. வரைபடத்தில் எல்லாப் புள்ளியும் வெறும் புள்ளியாக இருந்தது.

அவள் போஸ்ட்மேனிடம் போய் ஐம்பத்தொன்பது அஞ்சலட்டை வேண்டும் என்றாள். ஊருக்கு ஒன்று. விலாசம், தண்ணீர் கொண்டுவருகிறவருக்கு. போஸ்ட்மேன் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு, நாற்பது வருடம் மற்றவர்கள் எழுதியதைச் சுமந்த கையால் தானே எழுதினார்.

"விஷயம் என்னன்னு போடட்டும்?"

"தொந்தரவு இல்லைன்னு போடுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அனுப்புறவங்க பேரு?"

"கண்ணாடிக் கடைன்னு போடுங்க."

ஒரு வருடத்துக்குள் ஐம்பத்து நான்கு அட்டைகள், அப்படி யாரும் இல்லை என்ற முத்திரையோடு திரும்பி வந்தன. அக்கா அவற்றைக் கட்டி அலமாரியில் வைத்தாள். அடுத்த வருடம் எதுவும் வரவில்லை. தொண்டர்கள் மூன்றாவது ஊருக்கும் நான்காவது ஊருக்கும் வேலையை ஆரம்பித்தார்கள். அவளுக்கு முன்நெற்றியில் நரைத்தது, சாயம் போடவில்லை.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு, ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தபோது, அது வந்தது. இளைப்பு இல்லை, வெயில் இல்லை, இரண்டு மலை ஏறி வந்த களைப்பு இல்லை. எங்கேயோ ஒருவர் வேலையெல்லாம் முடித்து உட்கார்ந்து, நிறைந்த டம்ளரை எதிரே வைத்துக்கொண்டு, குடிக்காமல் இருக்கிறார். சுற்றிலும் முதலில் குடிக்கவேண்டியவர்கள் யாரும் இல்லை. சும்மா இருக்கிறார். அவள் பானையிடம் போய் ஒரு டம்ளர் நிறைய எடுத்து வந்து மேஜைமேல் வைத்து, தானும் உட்கார்ந்தாள். கால் மணி நேரம் ஆனது. அங்கே இரண்டு மடக்கு. பிறகு இவளும் குடித்தாள். கல்லூரிப் பெண் பணம் கொடுத்துவிட்டுப் போனாள்.

இப்போதும் தினமும் நாலரையிலிருந்து நாலே முக்கால் வரைக்கும் அந்தக் கடையில் கண்ணாடி பார்ப்பதில்லை. தெரிந்தவர்கள் அந்த நேரத்துக்கு வருவதில்லை, தெரியாதவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். என்றைக்காவது அது வராமல் போனால் அவள் வாசலுக்கும் மேஜைக்குமாக நடப்பாள், அப்போது போஸ்ட்மேன் எதிர்ப் பக்கத்து மாடியிலிருந்து குரல் கொடுப்பார்: "அந்தப் பக்கம் மழையா இருக்கும்மா. உக்காருங்க."