ஆளுக்குப் பாதி

பழ மண்டி ஏலக்காரரின் வாய் ருசி ஒரு திங்கட்கிழமை காலை அவர் மனைவிக்குப் போய்விட்டது. அவளுடையது இவருக்கு வந்துவிட்டது. அந்த வாரம் ஆப்பிள் விலை இறங்கியிருந்தது, திராட்சை அப்படியேதான் நின்றது. குற்றம் சொல்வதானால் மண்டி வழக்கத்தைத்தான் சொல்ல வேண்டும். பேர் தெரியாத பழம் எது வந்து இறங்கினாலும், கூவுகிறவர் முதலில் தின்று பார்த்துவிட்டுத்தான் விலையைத் தொடங்க வேண்டும். மீதியை மண்டி ஆள்தான் சாப்பிடலாம், வாங்க வந்தவர்கள் தொடக்கூடாது. ஒரு வியாபாரி மட்டும் ருசி கண்டுவிட்டால் மற்றவர்கள் சும்மா விடுவார்களா? அன்று கப்பலில் வந்த பெட்டியில் வைக்கோலைக் கிளறக் கிளற வைக்கோலே வந்தது. அடியில் ஒரே ஒரு பழம் கிடந்தது. சாம்பல் நிறத் தோல், அரம் மாதிரி சொரசொரப்பு. பெட்டியின் மேல், ஒரே ஆள் முழுப் பழத்தையும் வாயில் வைத்திருப்பது போல ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். படத்தைப் பார்த்துப் பழம் தின்கிற ஆட்களா இவர்கள்?

ஏலக்காரரின் மனைவி அதே மண்டியில் எடை மேடையில் நிற்பவள். எடைக்காரி என்றே எல்லோரும் சொல்வார்கள். "இங்க வா, ஆளுக்குப் பாதி" என்று கத்தியால் பிளந்தார். உள்ளே விதையே இல்லை, சதை நல்ல நீலம். வாயில் போட்டதும் முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு ஒரு குளிர்ச்சி, அதன் பின்னால் புளிப்பு, அந்தப் புளிப்புக்குள் மெல்ல மெல்ல ஓர் இனிப்பு. இருவரும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள். வியாபாரிகள் "என்னண்ணே, எப்படி இருக்கு?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்தார்கள். அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்ததால் அதற்கு விலையே கூவவில்லை. அப்படி ஒரு பழம் பிறகு எந்தக் கப்பலிலும் வரவில்லை.

சங்கதி வெளியே தெரிந்தது மத்தியானம்தான். எடை மேடையில் அவள் தேநீர் குடிக்க, கூவிக்கொண்டிருந்த இவர் வாயில் சர்க்கரை இனித்தது. இவர் மிளகாயைக் கடிக்க, அவள் அங்கே 'உஸ்' என்று துள்ளினாள். டாக்டர் வாய் கொப்பளிக்க மருந்து எழுதிக் கொடுத்தார். இவர் கொப்பளித்தார், அவள் முகத்தைச் சுளித்தாள், அவ்வளவுதான் பலன். போகப் போகப் பழகிவிட்டது. அவளுக்குப் புளிப்பு உயிர். அதற்காக இவர் பல் கூசக் கூசக் காய் மாங்காய் மென்றார். இவருக்குப் பொரித்த மீன் இல்லாமல் சோறு இறங்காது. மீன் வாடையே ஆகாத அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு இவருக்காகத் தின்றாள். உள்ளதைச் சொன்னால், அந்த மண்டியில் அவர்கள் மாதிரி ஒற்றுமையான ஜோடி வேறு கிடையாது.

கெட்டது ஒரு கேக்கினால். எடைக்காரியின் அப்பா பக்கத்து ஊரில் படுக்கையில் விழ, அவள் பார்க்கப் போனாள். அவர் கண்ணை மூடிய அன்று மண்டி முதலாளிக்குப் பேரன் பிறந்திருந்தான். துண்டு துண்டாகக் கேக் கொடுத்தார்கள், ஏலக்காரரும் கேட்டு வாங்கித் தின்றார். அங்கே அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதவள் வாயில் கேக் இனித்தது. துப்பினாள், தண்ணீர் குடித்தாள், போகவில்லை.

"எங்கப்பா அங்க கிடக்கிறாரு, என் வாய் இனிச்சுதுங்க. நான் என்ன பண்ணுவேன்?" என்றாள் திரும்பி வந்து.

"எனக்கு எப்படிடீ தெரியும்? நான் என்ன ஜோசியமா பார்த்தேன்?"

ஒரு வார்த்தை, 'ஐயோ' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. தப்பில்லாத இடத்தில் எதற்குத் தலை குனிவது என்று வீம்பு. அவள் தங்கை வீட்டுக்குப் போனாள், போனவள் போனவள்தான்.

கொஞ்ச நாளில் ஏலக்காரர் வாயில் உப்பு நின்றுபோனது. காலையிலும் சப்பென்று, ராத்திரியும் சப்பென்று. நடுநடுவே என்னவோ கசப்பு வேறு. "பாத்தியா, என்னைப் பழி வாங்க உப்பில்லாமத் திங்கிறா" என்று பல்லைக் கடித்தார். கடித்துவிட்டுச் சும்மா இருந்தாரா? மறுநாளே கேன்டீனில் போய், இனி தனக்கு எல்லாமே உப்பில்லாமல் வேண்டும் என்றார்.

"உங்களுக்குத்தான் எது தின்னாலும் தெரியாதே, அப்புறம் உப்பு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" என்றார் கேன்டீன்காரர்.

"எனக்கு இல்ல. வேற ஒருத்திக்கு."

இப்படியே வருஷங்கள் ஓடின. ஆரஞ்சு ஏறியது, வாழை இறங்கியது, எடை மேடைக்கு மின்சாரத் தராசு வந்தது. வீட்டில் அவள் செருப்பு வாசலிலேயே இருந்தது. இவர் அதை எடுக்கவும் இல்லை, கொண்டுபோய்க் கொடுக்கவும் இல்லை. ஒரு நாள் மாதுளையைக் கூவிக்கொண்டிருந்தபோது வாய் காலியானது. சப்பென்று ஆவது வேறு, இது வேறு. உதடு அசைந்தது, விலை வரவில்லை. பாதியில் மேடையை விட்டு இறங்கி, அவள் தங்கை வீட்டுக்குப் பஸ் ஏறினார்.

அடக்கம் முடிந்த பிறகு கொழுந்தியாள் அவரைப் பின்கட்டுக்கு அழைத்துப்போனாள். "அத்தான், அக்காவுக்கு கிட்னி போச்சு. ஒரு கல் உப்பு கூடாதுன்னுட்டாங்க டாக்டர். மாத்திரையா முழுங்கிட்டு கிடந்தா."

"உப்பா?" என்றார் ஏலக்காரர்.

"'நான்தானே தின்னக்கூடாது, அவர் தின்னா எனக்கு ருசி வந்திடும், அதுல என்ன கெடுதல்'னு சொல்லுவா. சாப்பாட்டு நேரம் ஆனா வாயைத் தொறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பா அத்தான், குழந்தை மாதிரி."

"ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமேம்மா…"

"நானும் தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டு வாங்க மாட்டேன்னுட்டா. உங்களுக்கு இருந்த அதே ரோஷம்தான் அவளுக்கும்."

"கடைசியா ஏதாவது சொன்னாளா?"

கொழுந்தியாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "'இன்னைக்கும் உப்பு போடலடீ, இன்னும் கோவம் தீரல அவருக்கு'ன்னா."

அவர் பெருங்குரலெடுத்து அழுதார். கண்ணீர் வழிந்து வாய்க்குள் போனது. கரிக்கிறதா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டவரைப் பிடிக்க நாலு பேர் வேண்டியிருந்தது.

மண்டிக்குத் திரும்பிய அன்றே கேன்டீனுக்குப் போனார். தட்டை வாங்கி, கேன்டீன்காரரிடமே நீட்டினார். "உப்பு சரியா இருக்கா, நீ கொஞ்சம் பாத்துச் சொல்லு." அவர் ஒரு வாய் தின்று, இன்னொரு சிட்டிகை போட்டு, "இப்ப சரியா இருக்குண்ணே" என்றார். ஏலக்காரர் ஒரு பருக்கை விடாமல் தின்றார். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். வாயில் ஒன்றும் தெரியாது. மரக்கட்டையை மெல்வது போல மெல்லுவார், அவசரமே படமாட்டார். சில நாள் ஊறுகாய் கேட்பார், சில நாள் காய் மாங்காய். போய்ச் சேருகிறதா இல்லையா என்று யாரிடமும் கேட்டதில்லை. போன மாதம் வெளியூர் வியாபாரி ஒருவர், லாரி நிற்கிறது, ஏலத்தைத் தொடங்கக் கூடாதா என்று சத்தம் போட்டார். மூட்டை தூக்குகிறவர்கள் அவரை ஒரு பெட்டி மேல் உட்கார வைத்தார்கள்.

"செத்த இருங்க. அவர் சம்சாரம் சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க."