பழைய நீச்சல்குளத்தின் ஏழாம் அறை

அந்த வட்டாரத்தைச் சுற்றிக் காட்ட அவளுக்கு மூன்று மணி நேரம் போதும். காலை பத்து மணிக்கு ரயில் நிலைய வாசலில் ஆரஞ்சு நிறக் குடையை உயர்த்திப் பிடித்தால் பத்துப் பதினைந்து பேர் வந்து சேர்வார்கள். முதலில் மணிக்கூண்டு. அடுத்து, நான்கு மதத்தாரின் வழிபாட்டிடங்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும் தெரு. பிறகு இருபது மொழிகளில் பேரம் நடக்கும் சந்தை, கால்வாயின் மேல் இரும்புப் பாலம். கடைசியாக, தண்ணீர் வற்றி அருங்காட்சியகமாகிவிட்ட பழைய நீச்சல்குளம். சந்தைக்காரர்கள் அவளைக் குடையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் குடையக்காதான்.

பேய்க்கதை பிறந்தது ஒரு மழை நாளில். பதினொரு பேரோடு நீச்சல்குளக் கட்டடத்துக்குள் மாட்டிக்கொண்டாள். கட்டிய ஆண்டு, குளத்தின் நீளம், நீல ஓடுகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்தாயிற்று. மழை விடுவதாக இல்லை. கூட்டத்தில் ஒருவர் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டார். அந்தக் கொட்டாவிதான் அவளை உசுப்பிவிட்டது. குளத்தை ஒட்டி வரிசையாக இருந்த உடைமாற்றும் அறைகளில் ஏழாவதைக் குடையால் சுட்டிக் காட்டி, குரலைத் தாழ்த்தினாள்.

"இந்த அறைக்குள்ள ஒரு சின்னப் பொண்ணு இருக்கா. யாருக்காகவோ காத்துக்கிட்டு, உள்ள உக்காந்து எண்ணிக்கிட்டே இருப்பா. கதவுல காது வச்சா கேக்கும்."

ஏன் ஏழாம் அறை, ஏன் சின்னப் பெண், ஏன் எண்ணிக்கை என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. வாய்க்கு வந்தது, சொன்னாள். பதினொரு பேரும் வரிசையில் நின்று கதவில் காது வைத்தார்கள்.

அதற்கப்புறம் கேட்க வேண்டுமா! இணையத்தில் ஆளாளுக்கு எழுதினார்கள். மணிக்கூண்டைச் சீண்ட ஆளில்லை. எல்லோருக்கும் ஏழாம் அறைதான் வேண்டும். கதவடியில் பொம்மை வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. சுற்றுலா அலுவலக முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. கட்டடத்தின் காவலாளி மட்டும் சிரித்தார்.

"பதினெட்டு வருஷமா இங்கதான் குப்பை கொட்டுறேன். எனக்குத் தெரியாம ஒரு பேயைக் குடிவச்சுட்டியேம்மா!"

அவளும் சிரித்தாள், அந்தப் பல் மருத்துவர் வரும்வரை. வெளியூர்க்காரப் பெண்மணி, சிரிப்பே அறியாத முகம். மற்றவர்கள் காது வைத்துவிட்டு நகர்ந்த பின்னும் அவர் மட்டும் வெகுநேரம் நின்றார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அது முழுசா எண்ணலை, கவனிச்சீங்களா? அறுபது வந்ததும் மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்குது. மூணு தடவை கேட்டுட்டேன்."

பல்லில் சொத்தை இருக்கிறது என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். நம்மிடமே விளையாட்டா என்று குடையக்கா நினைத்துக்கொண்டாள். ஆனாலும் அன்றிலிருந்து அந்தக் கதவைக் காட்டும்போது அவள் கை முழுதாக நீளவில்லை. கூட்டத்தை அனுப்பிவிட்டு அந்த வரிசையைக் கடக்கையில் நடை தானாக வேகமெடுத்தது. அவளே பெற்ற பொய்தான். இருந்தும் திரும்பிப் பார்க்க மனம் வரவில்லை.

அடுத்த மாதம் ஒருவர் வந்தார். அறுபதைத் தாண்டியவர், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் என்று பேச்சுவாக்கில் சொன்னார். அந்த வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்தவருக்குச் சுற்றுலா எதற்கு என்று அவளுக்கு வியப்பு. முதல் செவ்வாய்க்கிழமை நீச்சல்குளத்தின் வெளிக்கதவோடு நின்றுவிட்டார். அடுத்த செவ்வாய் நுழைவுச்சீட்டு மேசைவரை வந்தார். மூன்றாவது செவ்வாய் குளத்தின் விளிம்புவரை வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்ன கதையைக் கடைசிவரை கேட்டார். எல்லோரும் கலைந்த பிறகு பக்கத்தில் வந்தார்.

"ஒண்ணு கேக்கணும்மா."

"கேளுங்கண்ணே."

'அண்ணே' என்றதும் அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது.

"அந்தப் பொண்ணு எதுவரைக்கும் எண்ணுது?"

பயந்து கேட்பவர்களை அவள் பார்த்திருக்கிறாள். இவர் வைத்தியரிடம் பிள்ளையின் காய்ச்சலைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டார். அவளுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அப்படி யாரும் இல்ல. அது நானாக் கட்டுன கதை."

"நீங்க கட்டல," என்றார் அவர். கோபமே இல்லை. "எனக்கு அப்போ பதினொரு வயசு. தங்கச்சிக்கு ஆறு. ஞாயித்துக்கிழமை அம்மாவுக்குச் சலவை நிலையத்துல வேலை. அதனால எங்க போனாலும் இவளையும் இழுத்துட்டுப் போகணும். கூட்டாளிங்க எல்லாம் உயரப் பலகையிலேர்ந்து குதிக்கிறானுங்க. இவ என் கையை விட மாட்டேங்கிறா. ஏழாம் ரூமுக்குள்ள உக்கார வச்சு, நூறு எண்ணிட்டு வெளிய வா, அண்ணன் வந்துடுவேன்னு சொல்லிட்டு ஓடிட்டேன்."

அவர் கம்பியை மாற்றிப் பிடித்தார்.

"அவளுக்கு அறுபதுக்கு மேல எண்ணத் தெரியாது. அது தெரிஞ்சுதான் சொன்னேன். நூறே வராது, உள்ளேயே உக்காந்திருப்பான்னு கணக்குப் போட்டேன். எத்தனை தடவை முதல்லேர்ந்து எண்ணுனாளோ. கடைசியில வெளிய வந்து என்னைத் தேடியிருக்கா. ஆழமான பக்கம். யாரும் பாக்கல. முப்பது வருஷம் பஸ் ஓட்டுனேன். இந்தத் தெரு வழியாப் போற வண்டி மட்டும் வேணாம்னு எழுதிக் கொடுத்துட்டுத்தான் ஓட்டுனேன். நூறுன்னு சொன்னதை அம்மாகிட்டகூடச் சொன்னதில்ல."

அறுபது என்றதுமே குடையக்கா ஏழாம் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்திருந்தாள். அவள் முகம் வெளுத்ததை அவர் கவனித்துவிட்டார்.

"யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

இல்லை என்று தலையாட்டிவிட்டால் அதோடு போயிருக்கும். அரை நிமிடம் யோசித்தாள். பிறகு பல் மருத்துவர் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

அவர் அழவில்லை. பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். கடைசியில், "உள்ள போலாமா?" என்றார். பார்வையாளர்கள் உள்ளே போகக் கூடாது என்பது விதி. காவலாளி இருவர் முகத்தையும் பார்த்தார். வழக்கமான கிண்டல் ஒன்றும் வரவில்லை. சாவியை எடுத்து வந்து திறந்துவிட்டார்.

ஓட்டுநர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அவர் குரல் கேட்டது.

"அறுபத்தொண்ணு."

ஓர் இடைவெளி.

"அறுபத்திரெண்டு."

மறுபடி இடைவெளி. கூடவே சொல்லும் ஒருவர் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருப்பதுபோல. மேலே கண்ணாடிக் கூரை வழியாக மதிய வெயில் வற்றிய குளத்துக்குள் விழுந்துகொண்டிருந்தது. காவலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எழுபதுகள் போயின. எண்பதுகள் போயின. எண்பத்தொன்பதில் குரல் நின்றது.

"ம்ஹும், எண்பத்துப் பத்து இல்ல. தொண்ணூறு," என்றார் உள்ளே. ஒரு கணம் கழித்து, மெதுவாக, "ஆங், அப்படித்தான். தொண்ணூத்தொண்ணு."

குடையக்கா காவலாளியின் சட்டைக் கையை எப்போது பற்றினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

நூறு வந்தது. கதவு திறந்தது. ஓட்டுநர் வெளியே வந்து, ஓரமாக ஒதுங்கி நின்று, கதவைக் கையால் தாங்கிப் பிடித்தார். ஓர் ஆள் வெளியே வருவதற்கு வேண்டியதைவிட அதிக நேரம் அப்படியே பிடித்திருந்தார். அப்புறம்தான் சாத்தினார்.

"கதையைச் சொல்லுங்க, சொல்லாம இருங்க, உங்க இஷ்டம்," என்றார் அவளிடம். "ஆனா பேய்னு மட்டும் சொல்லாதீங்கம்மா. அவ யாரையும் பயமுறுத்துறவ இல்ல. அவளுக்குத்தான் எல்லாத்தையும் பார்த்துப் பயம்."

மறுநாளே அவள் கதையை நிறுத்தினாள். முதலாளி தாம்தூம் என்று குதித்தார். வருகிற கூட்டமே அதற்காகத்தான் வருகிறது, உனக்கென்ன பைத்தியமா என்றார். அவள் அசையவில்லை. நீச்சல்குளத்தை வேறொரு வழிகாட்டிக்குக் கொடுத்துவிட்டு அவளைப் பாலத்தோடு நிறுத்திவிட்டார். புதியவன் கதையில் ரத்தம், கூந்தல், அலறல் எல்லாம் சேர்த்துப் பார்த்தான். பலிக்கவில்லை. 'கால் மணி நேரம் காது வைத்து நின்றோம், ஒன்றும் கேட்கவில்லை' என்று இணையத்தில் ஒருவர் எழுதினார். பின்னால் இன்னொருவர், இன்னும் ஒருவர். அந்த வரிகளை அவள் படுக்கப் போகும் முன் தவறாமல் தேடிப் படித்தாள்.

மழைக்காலம் முடியும் சமயம், பாலத்தில் கூட்டத்துக்குக் கால்வாயின் ஆழத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நீச்சல்குளத் தெருவுக்குப் போகும் பேருந்து நெரிசலில் ஊர்ந்து வந்து பக்கத்தில் நின்றது. உள்ளே நிற்கக்கூட இடமில்லை. கம்பிக்கு நாலு கை தொங்கியது. இரண்டாம் வரிசையில் அந்த ஓய்வுபெற்ற ஓட்டுநர் பயணியாக உட்கார்ந்திருந்தார். ஜன்னலோர இருக்கையை விட்டுவிட்டு இந்தப்பக்க இருக்கையில் இருந்தார். ஜன்னலோரம் காலி. அவர் கை அந்த இருக்கையின் முன்கம்பியைச் சுற்றி, வண்டி குலுங்கினால் யாரும் விழுந்துவிடாதபடி அணைபோல் நீண்டிருந்தது. நின்றிருந்தவர்களில் ஒருவர்கூட அந்த இடத்தைக் கேட்கவில்லை.

அவர் குனிந்து ஏதோ சொல்லி, வெளியே கால்வாயைக் காட்டினார். பேருந்து நகர்ந்தது.

"எவ்வளவு ஆழம்னு சொன்னீங்க?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். அவளுக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.