சுவருக்குள் போன குரைப்பு

தையல்காரி குடியிருந்த அறையின் சுவர், அவள் வந்த நாலாவது வருடம், கரண்ட் பில் ஏறிய மாதத்தில் குரைத்தது. காரணம், மாடிப்படிக்குக் கீழே வீட்டு ஓனர் ஒட்டியிருந்த விதி: சத்தம் போடுகிற பிராணி வளர்த்தால் வாடகையில் கால்பங்கு கூடுதல், சத்தம் போடாததற்கு ஒன்றுமில்லை. கீழ்வீட்டு ஆமை இலவசம், மாடிவீட்டுக் கிளிக்குக் கட்டணம். தையல்காரிக்கோ மிஷின் தவணையே கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. அதனால் அவள் வளர்த்த நாய்க்குட்டி வாயைத் திறக்கும்போதெல்லாம் "உஸ்" என்றாள். கஸ்டமருக்கு அளவெடுக்கும்போதும் "உஸ்", தூக்கத்திலும் "உஸ்". சொன்ன பேச்சு கேட்கிற நாய், அடக்கிக்கொண்டது. ஆனால் குரைப்பு வயிற்றில் தங்குகிற சாமான் இல்லையே, நாய் தலைசாய்த்துப் படுக்கிற சுவருக்குள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தது. பக்கத்து அறையில் காலண்டர் மாட்ட ஓனர் ஆணி அடித்தபோது, ஓட்டை வழியாக முதல் குரைப்பு அவர் முகத்திலேயே விழுந்தது. சுத்தியலோடு வந்து நின்றார்.

"ஏம்மா, நாலு வருஷமா என் காதுல பூ சுத்துனியா?"

"குரைக்கிறது என் நாய் இல்ல சார், உங்க சுவரு."

"சுவரு குரைக்குமாம். நாளைக்குக் கதவு வாலாட்டுச்சும்ப."

நாயைக் குரைக்க வைக்க ஓனர் தட்டைத் தட்டிப் பார்த்தார், பூனை மாதிரி கத்திப் பார்த்தார். நாய் வாயைத் திறந்தது, வெறும் காற்றுதான் வந்தது. அதற்குள் சுவர் இன்னும் ரெண்டு தடவை குரைத்துவிட்டது. ஓனர் நியாயஸ்தர். சுவர் தன்னுடையது என்பதால் தன்னிடமே கட்டணம் கேட்க முடியாது என்று போய்விட்டார்.

ஜெயித்த தையல்காரிக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. சுவர் குரைக்கும்போதெல்லாம் நாய் அதன் எதிரில் நின்று, பாட்டுத் தெரியாதவன் கூட்டத்தோடு பாடுவது போல, கொஞ்சம் பிந்தியே வாயசைத்தது. அவள் ரவிக்கையின் கைத்துணியைக் கழுத்துப் பக்கம் வைத்துத் தைத்தாள், பிரித்தாள், மறுபடி அங்கேயே தைத்தாள். "குரைடா, ஒரே ஒரு தடவ குரைடா" என்று கெஞ்சினாள். நாயோ, அடக்கமாக இருந்ததற்கு மெச்சுவாளென்று அவள் முகத்தையே பார்த்தது. அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் தைத்துக்கொண்டிருந்ததைப் போட்டுவிட்டு எழுந்து ஓனரிடம் போனாள்.

"இந்த மாசத்துலேருந்து கால்பங்கு சேத்து வாங்கிக்குங்க சார்."

"ஊமை நாய்க்கு எவளாவது காசு குடுப்பாளா?"

"ஊமை இல்ல சார். நான்தான் ஊமையாக்கினேன்."

ஓனர் சுத்தியலை எடுத்துக் கொடுத்தார். "உள்ள போனத வெளிய எடுத்துக் குடு. பூச்ச மட்டும் பேத்துக்க. செங்கல்ல கை வைக்காத."

பூச்சு உதிர உதிரக் குரைப்புகள் உள்ளே போன வரிசையிலேயே நாயிடம் திரும்பின. முதலில் வந்தவை குட்டிக் குரைப்புகள், நூல் மாதிரி மெலிசு. அவ்வளவு பெரிய நாய் தன் கீச்சுக் குரலுக்குத் தானே மிரண்டு கட்டிலடியில் ஒளிந்தது. மாதங்கள் போகக் குரல் தடித்தது. வேலையை விட்டுப் போன தபால்காரருக்கும், எப்போதோ செத்துப்போன பூனைக்கும் தெருவே அதிரக் குரைத்தது. தெருவும் பழகிக்கொண்டது. கேஸ் சிலிண்டர்காரர் ஒருநாள் வாசலில் நின்று, "எனக்கு எப்பம்மா குரைக்கும்?" என்று கேட்டார்.

"உங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்ண்ணே. பழசே தீரல."

சரியென்று சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டுப் போனார்.