மூன்றாவது விகாரை

பெந்தெகொஸ்தே திங்கட்கிழமை. சுவிஸின் லோசான் நகரில் கடைகளெல்லாம் பூட்டு. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்யும் சிவதர்சினிக்கும் லீவு, மேல்மாடி நந்திதாவுக்கும் லீவு. நந்திதா கோயம்புத்தூர்க்காரி, கம்ப்யூட்டர் வேலைக்கென்று வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"மூணு புத்தர் கோயில் கண்டுபிடிச்சு வச்சிருக்கேன்க்கா. நடந்தே பார்த்துடலாம், வாங்க" என்று இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

முதலாவது, மருந்துக்கடைக்கு மேலே திபெத்தியர்களின் அறை. நெய் விளக்கு வாசத்தில் நந்திதா சொக்கிப்போனாள். இரண்டாவது, ஒரு நிலவறையில் ஜென் தியான மண்டபம். சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னார்கள். கதவுக்கு முதுகைக் கொடுத்து இருப்பது சிவதர்சினிக்கு ஆகாத காரியம். திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

மூன்றாவது, ரயில் பாதை ஓரத்து அடுக்குமாடியில் இருந்தது. படிக்கட்டில் வெசாக் பண்டிகையின் காகித விளக்குக் கூடுகள் தொங்கின.

"இது சிங்கள ஆக்களின்ர. நீங்க போட்டு வாங்கோ, நான் கீழ நிக்கிறன்."

"புத்தர் எல்லாருக்கும் ஒண்ணுதானேக்கா."

சிவதர்சினி பின்னால் ஏறினாள்.

உள்ளே தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு அறுபது வயதிருக்கும். வெள்ளை உடுப்பு. நந்திதா ஆங்கிலத்தில் படபடவென்று கதை சொன்னாள்: அக்கா பெயர் சிவதர்சினி, அவரும் இலங்கைதான், யாழ்ப்பாணம், அம்மா மட்டும் அங்கே கோப்பாயில் இருக்கிறார். வாசலில் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்த சிவதர்சினியை அவர் எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, பயம் வேணாம். உள்ள வாங்க."

சிவதர்சினிக்கு அந்தக் குரல் தெரியும். போர் முடிந்த அந்த மே மாதம், முகாம் வாசலில், இதே குரல் தம்பி நிருசனிடம் பயம் வேண்டாமென்று சொல்லித்தான் பஸ்ஸில் ஏற்றியது. அப்போது சீருடை. பஸ் போனது, தம்பி திரும்பவில்லை. முகம் கிழடு தட்டியிருந்தது, குரல் அப்படியே இருந்தது.

"என்ர தம்பி எங்கை?" என்று கேட்டாள்.

அவர் கெட்டிலைக் கீழே வைக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "எந்தத் தம்பி? நிறையத் தம்பி இருந்தது."

நந்திதா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அம்மா கோப்பாய்ல தனியாத்தானே?" அவர் சிரித்தார். "வயசான ஆள். கவனம்."

சிவதர்சினி சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். இருவரும் மெட்ரோ நிலையத்துக்கு வந்தார்கள். அங்கே நந்திதா அழுதாள். "நான் ஏன்க்கா எல்லாத்தையும் உளறினேன்?"

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்ற சிவதர்சினி, அங்கேயே நின்று தாய்க்கு ஃபோன் எடுத்தாள். வவுனியாவில் சின்னம்மா வீட்டுக்குப் போகச் சொன்னாள்.

"கோழியளை ஆர் பாக்கிறது?" என்று தாய் மறுத்துவிட்டார்.

புதன்கிழமை கோப்பாய் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். மகளின் சுவிஸ் விலாசம் கேட்டார்கள். தாய் தெரியாதென்று சொல்லிவிட்டு, அன்றைக்கே வவுனியாவுக்கு பஸ் ஏறினார்.

நந்திதா அரைநாள் லீவு போட்டுப் பொலிசுக்குக் கூட வந்தாள். மிரட்டலைப் பற்றித்தான் அங்கே கேட்டார்கள். சிவதர்சினி தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் நிருசனின் பெயரிலிருந்து தொடங்கினாள். "அவனைக் கடைசியாக் கண்ட ஆள் இந்த மனுசன்தான். ஆளைப் பிடியுங்கோ" என்றாள். பொலிஸ் விகாரைக்குப் போய் விசாரித்தது. அந்த ஆள் வெசாக்குக்கு மட்டும் உதவிக்கு வந்தவர், பெயர் தெரியாது என்றார் பிக்கு.

கட்டட வாசலின் அழைப்புமணிப் பலகையிலிருந்து சிவதர்சினியின் பெயரை எடுத்துவிடும்படி நந்திதா மன்றாடினாள்.

"இருக்கட்டும். அந்த ஆள் வந்தா, நான் கேட்ட கேள்வி அப்பிடியே கிடக்கு, திருப்பிக் கேப்பன்" என்றாள் சிவதர்சினி.

அதற்குப் பிறகு கீழே மணி அடித்தால் மேல்மாடியிலும் கதவு திறக்கும். நந்திதா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு எட்டிப் பார்ப்பாள். யார் வந்ததென்று தெரிந்த பிறகுதான் இருவரும் கதவைச் சாத்துவார்கள்.