மழையில் பருத்த கதவு

உள்ளேயிருந்து எத்தனை இழுத்தும் அறைக் கதவு அசையவில்லை. வெளியே கூடத்தில் நின்ற மயிலாத்தாள் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அதற்கும் அசையவில்லை.

"கொண்டியை எடுங்க அத்தை," என்றாள் மருமகள் லோகப்பிரியா.

"கொண்டி போடவே இல்ல கண்ணு. நீ உள்தாப்பாளப் பாரு."

"அதெல்லாம் பாத்துட்டேனுங்க. நான் ஓசூரு போகக் கூடாதுன்னு நீங்கதான் பூட்டிப்போட்டீங்க."

மயிலாத்தாள் திறந்து கிடந்த கொண்டியைப் பார்த்தாள். ஓசூரில் கிடைத்த வேலைக்காக விடிந்ததும் கிளம்புவேன் என்று நேற்று சாயங்காலம் லோகப்பிரியா சொல்ல, வீட்டில் பெரிய சண்டை. மகன் சபரீஷ் யார் பக்கமும் பேசாமல் திருப்பூருக்கு ஷிப்டுக்குப் போய்விட்டான். போன மாசம் கரையான் அரித்த கதவை மாற்றி, பெயின்ட் பிறகு அடித்துக்கொள்ளலாம் என்று விட்டதும் அவன்தான். ஒரு வாரமாக விடாத ஐப்பசி மழை. வெறும் மாமரப் பலகை ஈரத்தையெல்லாம் குடித்துப் பருத்து, நிலைக்குள் ஆப்படித்த மாதிரி இறுகிக் கிடந்தது. இதைச் சொன்னால் அவள் நம்புவாளா?

உள்ளே இருமல் கேட்டது. இருமலுக்குப் பின்னால் விசில் போல மூச்சு இழுத்தது.

"அத்தை... பம்பு... பையில."

ஊருக்குக் கட்டிய பை கூடத்தில் இருந்தது. மயிலாத்தாள் அதைத் தரையில் கொட்டி, மூச்சு மருந்துப் பம்பைத் தேடி எடுத்தாள். பக்கத்துத் தறிக்குடோனைப் பார்த்து, "கதிரேசா," என்று கத்தினாள். தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. காய் நறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு மழைக்குள் ஓடி, அந்த அறையின் பின்பக்க ஜன்னலில் போட்டிருந்த கொசுவலையைக் கிழித்தாள். கம்பிக்குள் கையை விட்டாள். உள்ளே தவழ்ந்து வந்தவளின் விரல்கள் மருந்தைப் பிடுங்கிக்கொண்டன. ஒரு தடவை. இன்னொரு தடவை. மூச்சு மெல்ல மெல்ல அடங்கியது.

லோகப்பிரியா கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"நெசமாலுமே நீங்க பூட்டலீங்களா?"

இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். தலையிலிருந்து மழை வழிய மயிலாத்தாள் அப்படியே நின்றாள்.

"ராத்திரி கொண்டில கை வெச்சேன் அம்மணி. போடறதுக்கு மனசு வரல."

 லோகப்பிரியா அத்தையின் முகத்திலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

குடோனுக்கே போய் மயிலாத்தாள் கூட்டிவந்த தறிக்காரன் கதிரேசன், கடப்பாரையை விட்டு நெம்பினான். பலகை ஓரம் சிம்பு சிம்பாகப் பிளந்து, கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. லோகப்பிரியா வெளியே வந்தாள். இறைந்து கிடந்த துணிகளைத் தாண்டி வாசலுக்குப் போய், கம்பத்தில் சாய்ந்துகொண்டு சாலையைப் பார்த்தாள். மயிலாத்தாள் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தாள்.

கதிரேசன் ஈரப் பலகையைத் தடவிப் பார்த்தான்.

"ஏனுங்கக்கா, ஒருக்கா சாத்திப் பாக்கட்டுங்களா?"

மயிலாத்தாள் மருமகளைப் பார்த்தாள்; லோகப்பிரியா சொம்பை எடுத்துக்கொண்டு சாலையையே பார்த்தாள். அவன் கதவைப் பிடித்தபடியே நின்றான்.