கணக்கு சார் தூங்கிய படம்

புதன்கிழமை காலையில் மலை பஸ்ஸை விட்டு இறங்கும்போதே உபகாரமேரிக்கு இடுப்பு கழன்றுபோன மாதிரி இருந்தது. எலவனாசூர்கோட்டையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு ஒரு பஸ், அங்கிருந்து கல்வராயன் மலைக்கு இன்னொன்று. கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகள் தொடங்கினால் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்த கையைப் பள்ளிக்கூடம் வரும்வரை எடுக்க முடியாது. பன்னிரண்டு வருஷமாக வாரத்துக்கு மூன்று அரை நாள் இப்படி வந்துபோகிறாள். பகுதிநேர ஓவிய ஆசிரியை. வருகைப் பதிவேட்டில் கடைசிப் பெயர் அவளுடையது.

கால அட்டவணையில் ஓவியத்துக்கென்று கட்டம் போட்டிருக்கும். அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் கணக்குதான் நடக்கும். கணக்கு சார் தெய்வசிகாமணி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்று, "டீச்சர், இந்த ஒரு பீரியடு மட்டும்" என்பார். முதல் இரண்டு வருஷம் அவள் சண்டை போட்டாள். அப்புறம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு விட்டுக்கொடுத்தாள். இப்போதெல்லாம் அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே "எடுத்துக்குங்க சார்" என்று சொல்லிவிடுகிறாள். அவர் மேலும் தப்பில்லை. அறிவியலுக்கு ஆள் போடாமல் மூன்று வருஷம் ஆகிறது. அதையும் அவர்தான் பார்க்கிறார். அவளுக்குத்தான் சார்ட் எழுதுவது, ஆண்டுவிழாவுக்குத் தெர்மாகோல் வெட்டுவது, அதிகாரி வந்தால் வாசலில் கோலம் போடுவது என்று வேலைக்குக் குறைவில்லையே.

அன்றைக்குக் கையெழுத்துப் போடும் முன்பே தலைமையாசிரியை அமிர்தம் கூப்பிட்டார். மேசைமேல் நோட்டிலிருந்து கிழித்த தாள் ஒன்று கிடந்தது.

"இதப் பாருங்க டீச்சர்."

பென்சில் படம். நாற்காலியில் தெய்வசிகாமணி தூங்கிக்கொண்டிருந்தார். தலை பக்கவாட்டில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, மடியில் கிடந்த வலது கையில் சாக்பீஸ். ஒரு கால் செருப்பிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது. அந்தச் செருப்பின் வாரில் ஊக்கு குத்தியிருந்தது. பின்னால் கரும்பலகையில் பாதிக் கணக்கு நின்றுபோயிருந்தது.

உபகாரமேரி தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் படித்த ஓவியக் கல்லூரியில்கூட ஒருத்தர் தூங்குவதை இவ்வளவு சரியாக யாரும் போட்டுப் பார்த்ததில்லை. உடம்பின் மொத்தக் கனமும் அந்தக் கழுத்தில் இறங்கியிருந்தது.

"போன செவ்வாக்கெழம பத்தாங் கிளாஸ்ல நடந்தது. எவனோ இத போன்ல படம் புடிச்சி ஊர் குரூப்புல போட்டுட்டான். 'எங்க புள்ளைங்கள தூங்க வைக்கதான் வாத்தியாரா'ன்னு கீழ எழுதிக்கீறாங்க. அது சுத்தி சுத்தி மாவட்ட ஆபீசுக்குப் போயி, நேத்து அவருக்கு மெமோ வந்துடுச்சி. பைய சோதன போட்டப்ப பெஞ்சுக்கு அடியில இந்தத் தாளு கெடச்சிது. யாரு வரஞ்சதுன்னு ஒரு புள்ள வாயத் தெறக்கல." அமிர்தம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கையெழுத்தப் பாத்து ஆளச் சொல்ற மாதிரி, கோட்டப் பாத்து நீங்க சொல்லிடலாமில்ல?"

சொல்லலாம். தாளைப் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. சார்ட் எழுத உதவிக்கு வருகிற பிள்ளைகளில், ஓரத்தில் கிறுக்குகிற முகத்தைக்கூடக் காதிலிருந்து தொடங்குகிறவள் ஒருத்திதான். காதுக்குப் பென்சில் கூர்மையாக இருக்கும். மூக்குக்கு வருவதற்குள் மழுங்கிப்போயிருக்கும். சீவச் சொன்னாலும் பத்தாம் வகுப்பு ஷாலினி சீவ மாட்டாள். எழுந்து போனால் பார்த்தது கலைந்துவிடும் என்பாள்.

"தெரியல மேடம்."

"போன வருஷத்து டிராயிங் நோட்டு பீரோவுலதான் இருக்கு. எடுத்துக்கினு போயி ஒத்துப் பாருங்க. வெள்ளிக்கெழம பேரு வேணும். உங்க வேல ரினியூவல் பேப்பர் வேற என் டேபிள்லதான் இருக்கு, மறந்துடாதீங்க."

அமிர்தம் கெட்டவர் இல்லை. மேலிருந்து அவரை நெருக்கினார்கள்; அவர் கீழே கைக்கு எட்டியவரை நெருக்கினார். உபகாரமேரி நாற்பத்தியொரு நோட்டையும் அந்தத் தாளையும் துணிப்பையில் அடைத்துக்கொண்டு மத்தியான பஸ்ஸில் மலை இறங்கினாள்.

வியாழக்கிழமை மதியம் வீட்டில் அந்த நோட்டுகளைப் பிரித்தாள். எல்லா நோட்டிலும் முதல் பக்கம் வாழைப்பழம், இரண்டாம் பக்கம் குடம், மூன்றாவது மலையும் சூரியனும், அப்புறம் தேசியக் கொடி, ஒரு மயில். அத்தோடு சரி. ஒரு வருஷத்தில் ஐந்து படம். ஐந்தின் கீழும் அவளே சிவப்பு மையில் 'நன்று' போட்டிருந்தாள். ஷாலினியின் நோட்டிலும் அதே ஐந்துதான். ஆனால் அவள் குடத்துக்குப் பக்கத்தில், ஓரமாக, அதைப் பிடித்திருக்கிற ஒரு கை இருந்தது. உபகாரமேரி வரையச் சொல்லாத கை. அதற்கும் சேர்த்துத்தான் அன்றைக்கு 'நன்று' போட்டிருக்கிறாள், பார்க்காமலே. அந்தப் பக்கத்தை வெகுநேரம் வெறித்துக்கொண்டிருந்தவள், நோட்டுகளை மறுபடி பையில் அடுக்கிவிட்டுச் சுவரோரமாகப் படுத்துக்கொண்டாள். தூக்கம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை சத்துணவு நேரத்தில், குழாயடியில் தட்டு கழுவிக்கொண்டிருந்த ஷாலினியைத் தனியாகக் கூப்பிட்டாள். மரவள்ளிக் கொல்லையில் வேலை செய்கிற வீட்டுப் பெண். ஒல்லியாக, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவள்.

"படம் உன்னுதுதான?"

ஷாலினி தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். தண்ணீர் சொட்டி யூனிபார்ம் நனைந்தது.

"ஆமா மிஸ்."

"சாரக் கிண்டல் பண்ணணும்னா?"

"அய்யோ இல்ல மிஸ்." சட்டென்று குரல் உயர்ந்தது. "சாரு கணக்கு போட்டுக்கினே ஒக்காந்தாரு. அப்பிடியே தூங்கிட்டாரு. மொதல்ல பசங்க சிரிச்சானுங்க. அப்பறம் ஒருத்தன், 'டேய், எழுப்பாதீங்கடா, சாரு வெடியக்காலைல நாலு மணிக்கே எழுந்து வராரு'ன்னு சொன்னான். எல்லாரும் கப்புனு ஆயிட்டாங்க. மீதிக் கணக்க நாங்களே போட்டோம் மிஸ், சத்தமில்லாம. நானு சீக்கிரம் முடிச்சிட்டேன். சும்மா பாத்துக்கினு இருந்தேன். அப்பறம்தான் வரஞ்சேன்."

"போன்ல போட்டது யாரு?"

"தெரியல மிஸ். எங்க ஊட்டுல போனே கெடையாது." அவள் கண் கலங்கிவிட்டது. "சாரு வேல போயிடுமா மிஸ்?"

"போவாது. போயி சாப்புடு" என்றாள் உபகாரமேரி. ஷாலினி சாப்பிட்டு முடித்துத்தான் தட்டைக் கழுவினாள் என்பது, திரும்பி நடக்கும்போதுதான் உறைத்தது.

அமிர்தத்திடம் நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்து, "இதுல யாரு கையும் ஒத்துவரல மேடம்" என்றாள். படம் எங்கே என்று கேட்டதற்கு வீட்டில் மறந்து வைத்துவிட்டதாகச் சொன்னாள். பன்னிரண்டு வருஷத்தில் அந்த அறையில் அவள் பொய் சொன்னது இந்த வாரம்தான். அமிர்தம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, போங்க" என்றார். நம்பினாரா என்று தெரியவில்லை.

வழக்கமாக மத்தியானமே இறங்கிவிடுகிறவள் அன்று சாயங்கால பஸ்ஸுக்கு நின்றாள். தெய்வசிகாமணி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். உபகாரமேரி எதிர்ப்பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள்.

"சார், ஒரு நிமிசம்."

"மெமோ விசயமா டீச்சர்? பேசவே தெம்பில்ல."

"அந்தப் படத்த நேர்ல பாத்தீங்களா?"

"போன்ல பாத்தேன். போதும். இருவத்தியாறு வருச சர்வீசு. ஊரு பூரா சிரிக்குது. எங்க சின்னசேலம் ஸ்டேஷன்ல டீக்கடக்காரன்கூட கேக்கறான், 'இன்னா சார், தூக்கம் போச்சா'ன்னு."

அவள் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை. வளைவில் பஸ் சாய்ந்தபோது தாள் நழுவி அவர் மடியில் விழுந்தது. வேறு வழியில்லாமல் எடுத்துப் பார்த்தார். முதலில் கரும்பலகையைத்தான் பார்த்தார். "கணக்கு கரெக்டா எழுதியிருக்கு" என்று முணுமுணுத்தார். அப்புறம் முகத்தை. அப்புறம் செருப்பு ஊக்கை. தன் காலைச் சட்டென்று சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். ஊக்கு இன்னும் அங்கேயேதான் இருந்தது.

"இவ்ளோ கெழவனாவா ஆயிட்டேன்?"

பிள்ளைகள் யாரும் எழுப்பாததை உபகாரமேரி சொன்னாள். சத்தமில்லாமல் மீதிக் கணக்கை அவர்களே போட்டதைச் சொன்னாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்த வாரம் பூரா வோட்டர் லிஸ்ட் வேல டீச்சர். ஸ்கூல் உட்டதும் வூடு வூடா போவணும். நடுவுல அம்மாவுக்கு சர்க்கர ஏறி ஆஸ்பத்திரில வெச்சிருந்தேன். அதல்லாம் மெமோவுக்குப் பதிலா எழுத முடியுமா?"

"யாரு வரஞ்சதுன்னு மட்டும் கேக்காதீங்க சார்."

"எதுக்குக் கேக்கணும்? ஷாலினி." அவர் தாளை மடிக்காமல் பிடித்திருந்தார். "ஜியோமெட்ரியில ஸ்கேல் வெக்காமயே கோடு போடும். எத்தினி தடவ திட்டிக்கீறேன். மேடம் என்னையுந்தான் கேட்டாங்க. தெரியலன்னுட்டேன்."

கள்ளக்குறிச்சியில் இறங்கும்போது அவர் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். "நீங்களே வெச்சிக்குங்க. எங்க ஊட்டம்மா பாத்தா அழும்."

மெமோவுக்கு அவர் இரண்டே வரியில் பதில் எழுதினார்: தூங்கியது உண்மை, வருந்துகிறேன். காரணம் எதுவும் எழுதவில்லை. எழுதியிருந்தால் விட்டிருப்பார்களோ என்னவோ. மூன்று வாரம் கழித்து, நிர்வாகக் காரணம் என்று போட்டு மணலூர்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றல் வந்தது. கடைசி நாளில் பத்தாம் வகுப்புக்குப் போய் வழக்கம்போலக் கணக்குப் போட்டார். மணி அடித்ததும் டஸ்டரை மேசையில் வைத்துவிட்டு, "சந்தேகம் இருந்தா போன் பண்ணுங்க" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். படத்தை ஊர் குரூப்பில் போட்டது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ஷாலினி இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. வந்தபோது பென்சிலை நோட்டில் வைக்கவே பயந்தாள்.

கணக்குக்கு வேறு ஆள் வரவில்லை. வருவார், ஆர்டர் ஆகிவிட்டது என்றே ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் அரைப் பரீட்சை நெருங்கிவிட்டது. அமிர்தம் கால அட்டவணையைத் திருத்திக் கணக்கின் கட்டங்களில் 'ஓவியம்' என்று எழுதினார். "புள்ளைங்க சத்தம் போடாம பாத்துக்குங்க டீச்சர், அது போதும்."

பன்னிரண்டு வருஷம் பறிகொடுத்த பீரியடு, ஒரே நாளில் வாரத்துக்கு ஆறாகக் கிடைத்தது. வகுப்புக்குள் நுழைந்து, "எல்லாரும் வெள்ளத் தாள எடுங்க, பிடிச்சத வரைங்க" என்றாள். ஒருத்தரும் அசையவில்லை. முதல் பெஞ்சு இளஞ்செழியன் எழுந்தான்.

"மிஸ், இன்னும் நாலு சாப்டர் நடத்தவே இல்ல மிஸ்."

அவன் குறை சொல்லவில்லை, இருந்ததைச் சொன்னான். அவளுக்குக் கணக்கு பத்தாம் வகுப்போடு நின்றுபோன சங்கதி. அந்தப் பீரியடு முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் நோட்டைப் புரட்டிக்கொண்டு சும்மா இருந்தார்கள்.

சாயங்காலம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து தெய்வசிகாமணிக்குப் போன் போட்டாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். பாவமா இருக்குது."

மறுமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. அவரும் எங்கேயோ நின்றுகொண்டிருந்தார்.

"டீச்சர், கொஸ்டின் பேப்பர் கடைசில ஜியோமெட்ரியும் கிராப்பும் வரும். ரெண்டும் சேந்து பதினாறு மார்க்கு. அதுல கணக்கு கம்மி, கைவேலதான் ஜாஸ்தி. காம்பஸ புடிச்சி வட்டம் போடணும், தொடுகோடு போடணும், கோடு சுத்தமா இருக்கணும். அத நான் நடத்தினதவிட நீங்க நல்லா நடத்துவீங்க. புக்குல ஒவ்வொரு படியா போட்டிருக்கு. ராவுல ஒரு தடவ நீங்களே போட்டுப் பாருங்க. மாட்டிக்கினா கூப்புடுங்க."

அடுத்த வகுப்பில் அவள் கரும்பலகை முன் நின்று, வெறுங்கையால் ஒரு வட்டம் போட்டாள். தொடங்கிய இடத்திலேயே வந்து சேர்ந்தது. பின் பெஞ்சிலிருந்து "யம்மா" என்று ஒரு சத்தம். பன்னிரண்டு வருஷத்தில் அவள் எதை வரைந்தும் இந்த வகுப்பறையில் அப்படி ஒரு சத்தம் வந்ததில்லை.

"நீங்க இப்பிடிப் போடக் கூடாது. காம்பஸ்லதான் போடணும். பென்சில சீவுங்க மொதல்ல. எல்லாரும்." ஷாலினியைப் பார்த்துச் சொன்னாள். "நீயுந்தான்."

ஷாலினி தயங்கிவிட்டுப் பையிலிருந்து பிளேடை எடுத்தாள்.

பாதிப் பேரிடம் காம்பஸ் இல்லை. இருந்ததில் பலதுக்குத் திருகாணி லூஸ். ஒரு மேசைக்கு ஒன்று என்று பங்கு போட்டுக் கொடுத்து, ஒவ்வொருத்தராகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனாள். மையத்தை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். தாளைத் திருப்பச் சொன்னாள். மூன்றாவது வரிசைக்குப் போவதற்குள் இடுப்பு நிமிர மறுத்தது. சுவரில் கை ஊன்றி நின்றாள்.

மணி அடித்தது. அவள் பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிஷம்தான். யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசி பெஞ்சில் மூன்று பேருக்கு இன்னும் வட்டம் சேரவில்லை.

"அழிச்சிட்டு மறுபடி போடுங்க, நிக்கறேன்" என்றாள்.